ஈ உறங்கும் நேரம்

எழுபதுகளின் கடைசியிலிருந்து எண்பதுகளின் நடுப்பகுதி வரைக்கும் எனக்குச் சோறு போட்டது ஒரு ஈ. அரசாங்கம் போட்டது என்றும் சொல்லலாம். ஆனால் அந்த ஈ இல்லாவிட்டால் அரசாங்கத்துக்கு என்னிடம் என்ன வேலை?

கொடைக்கானலில் ஏரிக்கு இறங்கும் சரிவில் ஒரு பழைய பங்களா. அதன் பின்கட்டில் இரண்டு அறைகள்தான் எங்கள் ஆய்வுக்கூடம். ஒன்றில் மைக்ராஸ்கோப்பும் நானும். மற்றொன்றில் கண்ணாடிக் குழாய்கள், ஸ்பிரிட் பாட்டில்கள், ஒரு டின் ஆமணக்கெண்ணெய், எங்கள் டாக்டரின் மேஜை. டாக்டர் வைத்தியம் படித்துவிட்டுப் பூச்சிகள் பக்கம் வந்தவர். மனுஷர்கள் வியாதியைப் பற்றிப் பொய் சொல்வார்கள், பூச்சிகள் சொல்லாது, அதுதான் காரணம் என்பார். மூன்றாவது ஆள் எங்கள் களப்பணியாளர். டவுன்காரர், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாட்டுக்குழுவில் கட்டைக்குரல் பாடுகிறவர், மற்ற நாட்களில் மாட்டுத்தொழுக்களில் ஈ பிடிக்கிறவர்.

மணல் ஈ என்று பெயர். மணலில் இருக்காது, நிறம்தான் மணல் நிறம். கொசுவைவிடச் சிறியது. கொசுவலையின் கண்ணுக்குள்ளே சாவகாசமாகப் புகுந்து வந்துவிடும். உடம்பு முழுக்க மயிர். உட்கார்ந்தால் இறக்கைகளை மடக்காமல் மேலே தூக்கியே வைத்திருக்கும். பறக்கிறது என்று மரியாதைக்குச் சொல்லலாமே தவிர, சுவரோரமாகத் தத்தித் தத்திப் போவதுதான் அதற்கு முடியும். இலை அசைகிற அளவு காற்றடித்தால் கிளம்பவே கிளம்பாது. கொசுவுக்காவது பாட்டு உண்டு, இது சத்தமே போடாமல் வந்து கடிக்கும். கடிப்பது பெண் மட்டும். முட்டை வளர ரத்தம் வேண்டும். ஆண், செடிச்சாற்றைக் குடித்துவிட்டுக் கிடக்கும். “நம்ம வீட்டுலயும் அப்படித்தாங்க, எனக்கு ரசஞ்சோறு போதும்” என்பார் களப்பணியாளர்.

அவர் பிடிக்கிற விதத்தைப் பார்க்க வேண்டும். ஒரு கையில் டார்ச். மறு கையில் கண்ணாடிக் குழாய், அதன் பின்னால் ரப்பர் குழாய், அதன் நுனி வாயில். சுவர் வெடிப்பில் ஈ உட்கார்ந்திருப்பதைக் கண்டதும் குழாய்வாயை அதன்மேல் வைத்து ஒரு இழுப்பு. ஈ குழாய்க்குள் வந்துவிடும். நடுவில் வலைத்துணி இருப்பதால் வாய்க்குள் போகாது. போனதே இல்லையா என்று அவர் மனைவி தினமும் கேட்பாராம். எங்கே தேடினால் கிடைக்கும் என்று புதிதாக வந்த அதிகாரி ஒருவர் கேட்டபோது அவர் சொன்ன பதில் எங்கள் அறையில் பல வருஷம் ஓடியது. “கழுதை கெட்டா குட்டிச்சுவரு, சார். இது கெட்டா மாட்டுத்தொழு.”

ஆனால் அது தொழுவில் பிறந்த பூச்சி இல்லை, காட்டுப் பூச்சி. மலையடிவாரத்துக் காட்டில் மரப்பொந்து, கறையான் புற்று, பாறை இடுக்கு, எலிவளை, வௌவால் அடையும் குகை என்று எங்கே வெயில் படாமல் ஈரமும் கொஞ்சம் கதகதப்பும் இருக்கிறதோ அங்கெல்லாம் இருக்கும். காட்டில் பிடித்ததில் பெரும்பகுதி ஓணானையும் பல்லியையும் கடிக்கிற வகை. மனுஷரைத் திரும்பிக்கூடப் பார்க்காது. எது எந்த வகை என்று சொல்வதுதான் என் சோலி. ஈயின் தலையைத் தனியே எடுத்து, கண்ணாடிச் சில்லில் பதித்து, தொண்டைக்குள் இருக்கும் பல்வரிசையைப் பார்ப்பேன். ஆமாம், அதற்கும் தொண்டையில் பல் உண்டு. கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்று சும்மாவா சொன்னார்கள்.

காட்டைவிட்டு மேலே ஏறினால் பண்ணைக்காட்டுப் பக்கத்துக் காப்பி ஊர்கள். காட்டைத் திருத்தியவர்கள் பெரிய மரங்களை விட்டுவைத்தார்கள், காப்பிக்கு நிழல் வேண்டுமே. அந்த நிழல் ஈக்கும் போதும். சிறுத்தை பயத்தால் மாட்டை வீட்டை ஒட்டியே கட்டினார்கள். வீட்டுக்கும் தொழுவுக்கும் நடுவில் ஒரே ஒரு மண்சுவர். மாடு மூச்சு விட்டுத் தொழு கதகதப்பாக இருக்கும். சாணியும் மூத்திரமும் ஊறிய மண்ணில் ஈயின் புழு வளரும். சுவர் வெடிப்பில் பகல் முழுக்க உறங்கலாம், பொழுது சாய்ந்ததும் வெளியே வந்தால் ரத்தம் பக்கத்திலேயே நிற்கிறது. காட்டில் அலைந்து தேடியதெல்லாம் இங்கே ஒரே கூரைக்குக் கீழே கிடைத்தபின் அது ஏன் திரும்பிப் போகப் போகிறது?

அங்கிருந்து இன்னும் ஏற ஏறக் குறையும். வில்பட்டி, கூக்கால் தொழுக்களில் நாங்கள் மாட்டிவைத்த எண்ணெய்த்தாளில் சின்ன விட்டில்களும் பேர் தெரியாத பூச்சிகளும் ஒட்டியிருக்கும், மணல் ஈ இருக்காது. குளிரும் காற்றும் அதற்கு ஆகாது. டவுனில் நாங்கள் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. மலை ஏறும்போது டிரைவர் எந்த வளைவில் வண்டியை நிறுத்தி ஸ்வெட்டர் போடுகிறாரோ அதோடு ஈ நின்றுவிடும் என்பது களப்பணியாளரின் கணக்கு. அறிக்கையில் டாக்டர் வேறு மாதிரி எழுதினார், விஷயம் ஒன்றுதான்.

இந்த ஈக்கு ஏன் இத்தனை மரியாதை என்றால், அது கருங்காய்ச்சலைப் பரப்பும். காலா அசார் என்று வடக்கே சொல்வார்கள். நோயாளியைக் கடிக்கும்போது கிருமி ஈயின் வயிற்றுக்குள் போகும், சில நாளில் அங்கே பெருகும், அடுத்த ஆளைக் கடிக்கும்போது அவருக்குள் இறங்கும். மாசக்கணக்கில் காய்ச்சல், வயிற்றின் இடதுபக்கம் கட்டியாக வீங்கும், உடம்பு கறுத்து வற்றும். மருந்து இல்லாவிட்டால் பிழைப்பது கஷ்டம். எங்கள் மலையில் நாங்கள் பார்த்தவரை ஈ இருந்தது, நோய் இல்லை. “தீக்குச்சி இருக்கு, தீப்பெட்டி இல்ல. உரசாதவரைக்கும் ஒண்ணுமில்ல” என்பார் டாக்டர். சுகாதார ஆபீஸிலிருந்து வந்த ஒருவர் மாடுகளையெல்லாம் ஊருக்கு வெளியே கட்டச் சொல்லலாமே என்றார். டாக்டர் சிரித்துவிட்டார். மாட்டை எடுத்தால் ஈ பட்டினியா கிடக்கும்? சுவரைத் தாண்டிக் கட்டிலுக்கு வரும்.

பெட்டி ஒருநாள் எங்கள் வாசலுக்கே நடந்து வந்தது.

அவர் டவுனில் ஒரு பெண்கள் ஹாஸ்டலில் சமையல் செய்கிறவர். நாற்பதைத் தாண்டியவர், புருஷன் இல்லை, ஒரே மகள். ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி மலையேறியவர். முகவாயிலும் மூக்கோரத்திலும் சின்னச் சின்னத் தடிப்புகள், கன்னத்தில் வெளிறிய தேமல். குஷ்டம் என்று பயந்து குஷ்டரோக கிளினிக்குக்குப் போயிருக்கிறார். அங்கே பஞ்சால் தொட்டுப் பார்த்தால் தேமலில் உணர்ச்சி நன்றாக இருக்கிறது. அப்படியானால் குஷ்டம் இல்லையே என்று குழம்பி எங்கள் டாக்டரிடம் அனுப்பிவிட்டார்கள். தடிப்பைக் கீறி எடுத்த நீரைக் கண்ணாடியில் தடவிச் சாயம் போட்டு என் முன்னால் வைத்தார் டாக்டர். பார்த்தேன். ஈயின் வயிற்றில் தேடித் தேடி ஒருநாளும் காணாத கிருமி, அந்த அம்மாவின் கன்னத்துத் தோலில் குவியலாக இருந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. தேடினது கிடைத்தால் வருகிற சந்தோஷம் அது. திரும்பிப் பார்த்தபோது அவர் சேலை முந்தானையால் முகவாயை மூடிக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சிறுமியாக இருந்தபோது அவருக்குக் காய்ச்சல்கட்டி, அவர் ஊரில் கருங்காய்ச்சலுக்கு அதுதான் பெயர், வந்து, வருஷக்கணக்கில் ஊசி போட்டுத்தான் பிழைத்தாராம். அந்தக் காய்ச்சல் உடம்பைவிட்டுப் போனாலும் சிலருக்குத் தோலுக்கடியில் தங்கிவிடும், எத்தனையோ காலம் கழித்து முகத்தில் முளைக்கும் என்று டாக்டர் விளக்கினார். அவருக்கு இனிக் காய்ச்சல் வராது, வலி இல்லை, வேதனை இல்லை. தொட்டால் ஒட்டாது, அவர் சமைத்ததைச் சாப்பிட்டால் ஒட்டாது, ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது. ஈ கடித்தால் மட்டும்தான் அவரிடமிருந்து வெளியே போகும். கொடைக்கானலில் ஈ இல்லை. மெட்ராஸிலிருந்து ஊசிமருந்து வரவழைக்கலாம், மாசக்கணக்கில் போட வேண்டும், அதுவரை மலையைவிட்டு இறங்காமல் இருந்தால் போதும் என்றார்.

“அப்ப இறங்கக் கூடாதா சார்?” என்று கேட்டார்.

“எதுக்கு இறங்கணும்?”

மகளைப் பண்ணைக்காட்டுப் பக்கம் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் வீட்டில் கொடுத்திருந்தார். மகள் தலைப்பிள்ளை உண்டாகியிருந்தாள். முறைப்படி பிரசவம் தாய்வீட்டில். ஆனால் இவருக்கு வீடு ஏது? ஹாஸ்டலில் மற்ற ஆயாக்களோடு ஒரே அறையில் ஒரு கட்டில். அங்கே கைக்குழந்தைக்கு இடமில்லை என்று வார்டன் கையை விரித்துவிட்டார். அதனால் சம்பந்தி வீட்டிலேயே பிரசவம், இவர் போய்க் கூடவே இருந்து பார்ப்பது என்று பேசி முடிவாகியிருந்தது. அந்த ஊர் எனக்குத் தெரியும். அந்த ஊர்த் தொழுக்களிலிருந்து வந்த ஈக்களின் தொண்டையை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். எல்லாம் மாட்டையும் மனுஷரையும் கடிக்கிற வகை, ஓணான் வகை அல்ல.

டாக்டர் பேனாவை மூடிவைத்தார். பிறகு சொல்ல வேண்டியதைச் சொன்னார். அந்த வீட்டில் நீங்கள் ராத்திரி படுத்தால் ஈ உங்களைக் கடிக்கும். அதே ஈ பிறகு பக்கத்தில் படுத்திருக்கும் குழந்தையைக் கடிக்கும். கடித்தால் கட்டாயம் வரும் என்று சொல்ல மாட்டேன், வராது என்றும் சொல்ல மாட்டேன்.

அவர் அழவில்லை. எழுந்து போகவும் இல்லை. என்னைப் பார்த்து, “அந்த ஈ பகல்ல எங்கம்மா இருக்கும்?” என்று கேட்டார்.

“உறங்கும். சுவர் வெடிப்புல.”

“முழிக்கவே முழிக்காதா?”

“வெயில் இருக்கிறவரைக்கும் வெளிய வராது. பொழுது சாஞ்சாத்தான்.”

“அப்ப ஈ உறங்குற நேரத்துல நான் போய்ட்டு வாரேன்” என்றார், டாக்டரைப் பார்த்து.

டாக்டருக்கு அதில் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. எனக்கும் முடியவில்லை.

அப்படித்தான் அந்த ஏற்பாடு ஆரம்பித்தது. ஹாஸ்டலில் பகல் சமையலை இன்னொருத்திக்கு மாற்றிவிட்டு, ராத்திரிச் சாப்பாட்டையும் மறுநாள் மாவாட்டுவதையும் இவர் எடுத்துக்கொண்டார். வெள்ளனே கிளம்பும் முதல் பஸ்ஸில் இறங்குவார். ஊர் போய்ச் சேரும்போது வெயில் வந்திருக்கும். மகளுக்குத் தலைக்கு ஊற்றி, சமைத்துப் போட்டு, துவைத்து, காலைப் பிடித்துவிட்டு, சாயங்கால பஸ்ஸில் ஏறிவிடுவார். டிரைவர் ஸ்வெட்டர் போடுகிற வளைவைத் தாண்டுவதற்குள் இருட்டாது. வாரத்தில் சில நாள் ஊசிக்காக ஆஸ்பத்திரி. அப்படியே எங்கள் அறைக்கும் எட்டிப்பார்த்து, ஹாஸ்டலில் மிஞ்சிய ரொட்டியை என் மேஜையில் வைத்துவிட்டுப் போவார். அன்றன்றைக்கு நடந்ததை அப்போதுதான் சொல்வார்.

சம்பந்தி வீட்டில் நிஜக் காரணத்தைச் சொல்லவில்லை. முகத்தில் இருப்பது அலர்ஜி, ஹாஸ்டலில் ராத்திரி வேலைக்கு ஆளில்லை, இவ்வளவுதான் சொல்லியிருந்தார். நிஜத்தைச் சொல்லி, ஈயையும் கிருமியையும் விளக்கி, தொட்டால் ஒட்டாது என்று புரியவைப்பதற்குள் ஊருக்குள் குஷ்டம் என்ற ஒரே சொல் சுற்றி வந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். பிறகு மகளை வைத்துக்கொள்வார்களா? “உலைக்கு மூடி போடலாம். ஊரு வாய்க்கு எதப் போடுறது?” என்றார். சமையல்காரம்மா சொல்லும்போது அந்தச் சொலவடை இன்னும் பொருத்தமாக இருந்தது.

சம்பந்தியம்மா சும்மா விடுகிற ஆள் இல்லை. தலைப்பிரசவத்துக்கு வந்த தாய் பொழுது சாயுமுன்னே பஸ்ஸுக்கு ஓடுகிறாள் என்றால் யார்தான் சும்மா விடுவார்கள். “எங்க வீட்டுல படுத்தா ஒங்க அம்மாவுக்கு ஒடம்பு அரிக்குமோ?” என்று மருமகளிடம் கேட்டாராம். அதில் எவ்வளவு உண்மை இருந்தது என்று சம்பந்தியம்மாவுக்குத் தெரியாது. மகளுக்கும் தெரியாது. அவள் முகம்கொடுத்துப் பேசுவது குறைந்துகொண்டே வந்தது. அதுதான் இவரை வாட்டியது. சம்பந்தி பேச்சையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்கிறவர், மகள் அன்றைக்கு ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பதைச் சொல்லும்போது மட்டும் ரொட்டிப் பொட்டலத்தின் நூலைப் பிரித்துப் பிரித்துக் கட்டுவார்.

பிள்ளை பிறந்தது புரட்டாசித் தொடக்கத்தில், ஒரு ராத்திரியில். இவர் பஸ் ஏறிய பிறகு வலி கண்டிருக்கிறது. மறுநாள் காலையில் தெருமுனை திரும்பும்போதே அழுகைச் சத்தம் கேட்டதாம். பக்கத்து வீட்டுக் குழந்தை என்று நினைத்துக்கொண்டே நடந்திருக்கிறார். வாசலில் சம்பந்தியம்மா, “வாங்க, வாங்க. விருந்தாளி வந்தாச்சு, காப்பி போடுங்கடி” என்றாராம். பெண் குழந்தை. இதை என்னிடம் சொன்ன அன்றைக்கு அவர் ரொட்டி கொண்டுவரவில்லை. நான் மைக்ராஸ்கோப்பைவிட்டு எழுந்து அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். செத்த ஈக்களோடேயே பழகியவள் நான். ஆறுதல் சொல்ல வராது.

ஊசிகள் வேலை செய்தன, முகம் தெளிந்தது, அந்த ஊரில் அந்தக் காய்ச்சல் யாருக்கும் வரவில்லை. ஆனால் இதெல்லாம் பின்னால் தெரிந்தது. அந்தப் புரட்டாசியில் எங்களில் யாருக்கும் ஒன்றும் நிச்சயமில்லை.

அந்தப் புரட்டாசிக் கடைசியில்தான் நானும் களப்பணியாளரும் எண்ணெய்த்தாள் மாட்ட அந்த ஊருக்குப் போனோம். ஆமணக்கெண்ணெய் தடவிய தாளைச் சாயங்காலம் சுவரோரம் தொங்கவிட்டால், ராத்திரி தத்தித் திரிகிற ஈக்கள் அதில் ஒட்டிக்கொள்ளும். விடிந்ததும் எடுத்துப் பார்த்தால் எந்த வீட்டில் எவ்வளவு என்று தெரியும். வழக்கமாக மாட்டும் வீடுகளோடு அந்த வீட்டையும் டாக்டர் சேர்த்திருந்தார். கொசு ஆபீஸ்காரர்கள் என்று சம்பந்தியம்மா எங்களை உள்ளே விட்டார். தொழுவில் கொஞ்சம் தாள், நடுச்சுவருக்கு இந்தப்பக்கம் தாயும் பிள்ளையும் படுக்கிற அறையில் கொஞ்சம். அந்த அறையில் சமையல்காரம்மா குழந்தையைக் கால்மேல் போட்டுக் குளிப்பாட்டிய பிறகு சாம்பிராணிப் புகை காட்டிக்கொண்டிருந்தார். என்னை முன்னே பின்னே தெரியாதவர் மாதிரி ஒதுங்கி வழிவிட்டார். நானும் தெரியாதவள் மாதிரியே தாளை மாட்டினேன். அப்படி நடிப்பதாகத்தான் பேச்சு.

மத்தியானத்திலிருந்தே மழை. நாங்கள் ஜீப்பில் கீழே அடுத்த ஊரில் தங்கப் போகும்போது மழை விட்டிருந்தது. அவர் பஸ் நிற்கும் புளியமரத்தடியில் குடையோடு நின்றார். களப்பணியாளர் தலையை வெளியே நீட்டி, “பஸ் வருமாங்க?” என்று கேட்டார். “வரும், வரும். நீங்க வெரசா போங்க” என்றார். மேலே ரோட்டில் மண் சரிந்து பஸ் அந்தப் பக்கமே நின்றுவிட்டது என்ற சேதி எங்களுக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போதுதான் வந்தது. களப்பணியாளர் கையைச் சோற்றில் வைத்தபடி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். எங்களுக்கும் மேலே போக வழியில்லை, கூட்டி வந்தாலும் நாங்கள் தங்கிய இடம் இன்னும் கீழே, ஈ இன்னும் அதிகம். நான் சாப்பிட்டு முடித்தேன். உறக்கம் வரவில்லை.

வெளுக்கிற நேரத்துக்கு ஜீப் அந்த ஊருக்குள் நுழைந்தது. ஊருக்கு வெளியே, பள்ளத்தாக்கைப் பார்த்தபடி காப்பி காயப்போடும் சிமெண்டுக் களம். மறைப்பு எதுவும் இல்லாத மேடு, எப்போதும் காற்று. அதன் விளிம்பில் சாக்கைப் போர்த்திக்கொண்டு ஒரு உருவம் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் காப்பிக் குச்சிகள் எரிந்து அணைந்த சாம்பல். களப்பணியாளர் ஜீப்பை நிறுத்தச் சொன்னார். தன் ஸ்வெட்டரைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, தாள்களை எடுக்க ஊருக்குள் போனார்.

நான் ஸ்வெட்டரைக் கொண்டுபோய் அந்த அம்மாவின் தோளில் போட்டேன். பல் கிட்டிக்கொண்டிருந்தது.

“காத்து அடிக்கிற எடத்துல அது வராதுன்னு சொன்னீங்கள்ல” என்றார்.

“வராது.”

“அதான் இங்கன வந்து உக்காந்துட்டேன்.”

கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். பஸ் இல்லை என்று தெரிந்ததும் என்றைக்கும் இல்லாத அதிசயமாகச் சம்பந்தியம்மா மனமிளகியிருக்கிறார். தலையைத் துவட்டத் துணி கொடுத்து, வெந்நீர் கொடுத்து, மகளுக்குப் பக்கத்தில் பாய் விரித்து, “இன்னைக்கு ஒரு ராத்திரியாவது பேத்தியப் பக்கத்துல போட்டுப் படுங்க சம்பந்தி” என்றாராம். நல்ல பாய், புதுசு. வீட்டுக்குள் புழுக்கமாக இருக்கிறது என்று இவர் எழுந்துவிட்டார். மழை பெய்து குளிர்ந்து கிடக்கிற ஊரில் புழுக்கம் என்றால் யார் நம்புவார்கள்? மகள் மட்டும் கேட்டிருக்கிறாள்.

“எங்கூட ஒரு ராத்திரி படுக்க மாட்டியாம்மான்னு கேட்டா. நான் பதில் சொல்லாம வந்துட்டேன். நின்னு பதில் சொன்னா படுத்துருவேன், அதான்.”

நான் ஸ்வெட்டரை அவர் கழுத்தருகே இழுத்துவிட்டேன்.

களப்பணியாளர் தாள்களைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தார். அந்த வீட்டுத் தாள்கள் மேலே இருந்தன. அந்த அம்மா தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“வந்துச்சா?”

தொழுவுத் தாளில் நிறைய. அறைத் தாளிலும் ஒட்டியிருந்தன. சிலவற்றின் வயிறு ரத்தம் குடித்துச் சிவந்திருந்தது.

“வந்துச்சு” என்றேன். “அந்த ரூமுக்கும் வந்துருக்கு.”

“நான் அங்க இல்லல்ல?”

“நீங்க இல்ல.”

தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு, “ஒண்ணக் காட்டுங்க, நான் இதுவரைக்கும் பாத்ததே இல்ல” என்றார். அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. எண்ணெய்க்குள் இறக்கையைத் தூக்கியபடி ஒட்டிக் கிடந்த ஒன்றைப் பென்சில் முனையால் காட்டினேன். தெரியவில்லை என்றார். லென்ஸைக் கொடுத்தேன். கண்ணருகே வைத்து வெகுநேரம் பார்த்தார். லென்ஸை எடுத்துவிட்டு வெறுங்கண்ணால் பார்த்தார். மறுபடியும் லென்ஸை வைத்தார்.

“இம்புட்டுத்தானா?”

“இம்புட்டுத்தான்.”

“இம்புட்டுக்காகவா…” என்று ஆரம்பித்தவர் முடிக்காமல் லென்ஸை என் கையில் வைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். சாக்கை மடித்துக் களத்து மூலையில் வைத்தார். கிழக்கே மலைவிளிம்பில் வெயில் வந்துவிட்டது. தொழுவில் மாடு கத்தியது. அதைத் தொடர்ந்து வீட்டுக்குள்ளிருந்து குழந்தை அழுகிற சத்தம் வந்தது. அவர் சட்டென்று திரும்பினார். இரண்டடி வைத்தவர் நின்று, என்னிடம் கேட்டார்.

“விடிஞ்சிருச்சுல்லம்மா? இனி உள்ள போலாம்ல?”